சிறு மரக்கலம்

சிறிய பொருள்களின்மீது மனிதன் கொண்ட காதல் மிகப் பழமையானது. வீதியில் உலா வரும் பெருந்தேரைக் கண்ட சிறுவன், அதுபோன்ற தேர் ஒன்று தனக்கும் வேண்டும் என்று கேட்கிறான். தச்சர் செய்து தந்த சிறுதேரைக் கொண்டு விளையாடி மகிழ்ந்த சிறுவரைச் சங்கப் பாடல்களில் காணலாம். பிற்காலத்தில் தோன்றிய பிள்ளைத்தமிழ் நூல்களோ, சிறுதேர் உருட்டுவதை ஆண்பிள்ளைகளுக்கு உரிய ஒரு பருவமாகவே அமைத்துக்கொண்டன. பெருந்தேரை அண்ணாந்து பார்த்து வியக்கலாம். அதற்குமேல் ஒன்றும் செய்ய இயலாது. கையில் அடங்கும் தேரையோ திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். சக்கரம் எவ்வாறு சுழல்கிறது, அச்சு எங்கே பொருந்துகிறது என்று ஆராயலாம். பெரியது வியப்பை ஊட்டுகிறது; சிறியது விளக்கத்தைத் தருகிறது.

தேருக்குப் பொருந்தும் இவ்வுண்மை கப்பலுக்கும் பொருந்தும். பாய் விரித்துக் காற்றின் வலியால் மாகடல்களைக் கடந்த பெருங்கலங்களின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. முதலில் நீராவியும் பின்னர் எண்ணெயும் காற்றின் இடத்தைப் பற்றிக்கொண்டன. ஆயினும் பாய்க்கப்பல் கட்டும் வேலை உலகில் நின்றுவிடவில்லை. இங்கிலாந்திலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் எத்தனையோ வீடுகளில், சன்னலோரத்து மேசைமேல் பாய்க்கப்பல்கள் இன்றும் உருவாகி வருகின்றன. பகலெல்லாம் அலுவலகத்திலோ ஆலையிலோ பணி செய்து திரும்புவோர், மாலை நேரத்தில் சிறு வாளும் அரமும் எடுத்துக்கொண்டு அம்மேசையின் முன் அமர்கின்றனர். ஒரு கப்பலை முடிக்க ஓராண்டு ஆகலாம், மூன்றாண்டும் ஆகலாம். அவ்வுழைப்புக்குக் கூலி இல்லை. கட்டிய கப்பல் கடலைக் காணப்போவதும் இல்லை. அங்ஙனமாயின், அவர்கள் எதன்பொருட்டு இவ்வளவு பொறுமையுடன் உழைக்கின்றனர்? இக்கலையின் வரலாற்றை அறிந்தால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

மிகப் பழைய சிறு கலங்கள் எகிப்து நாட்டில் கிடைத்துள்ளன. இறந்தவர் மறுமையிலும் நைல் ஆற்றில் செல்வர் என்று அந்நாட்டார் நம்பினர்; ஆதலின் மரத்தால் படகுகள் செய்து கல்லறைகளில் வைத்தனர். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெக்கெட்ரே என்னும் அரசு அலுவலரின் கல்லறை 1920-இல் ஆராயப்பட்டது. அங்கே துடுப்பு வலிப்போரும் சுக்கான் பிடிப்போரும் அமர்ந்திருக்கும் சிறு படகுகள் கண்டெடுக்கப்பட்டன. 1922-இல் கண்டறியப்பட்ட துட்டங்காமன் என்னும் இளம் அரசனின் கல்லறையில் 35 சிறு கலங்கள் இருந்தன. நைல் நதியில் அக்காலத்தில் ஓடிய படகுகள் எவ்வாறு இருந்தன, எங்கே பாய் கட்டினர், எவ்வாறு வலித்தனர் என்பவற்றை அறிஞர் அறிந்துகொள்ள இச்சிறு கலங்கள் பெருந்துணை புரிந்தன.

ஐரோப்பாவில் இக்கலை வழிபாட்டோடு சேர்ந்து வளர்ந்தது. புயலில் சிக்கிய மாலுமிகள், ‘உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தால் காணிக்கை செலுத்துவோம்’ என்று நேர்ந்துகொண்டனர். கரை சேர்ந்தபின், தாம் சென்ற கப்பலைப் போலவே சிறு கப்பல் ஒன்று செய்து மாதா கோயிலில் தொங்கவிட்டனர். டென்மார்க்கின் கடற்கரை ஊர்களில் உள்ள கோயில்களில், கூரையிலிருந்து தொங்கும் இத்தகைய கப்பல்களை இன்றும் காணலாம். ஸ்பெயின் நாட்டு மத்தாரோ என்னும் ஊரின் கோயிலில் இருந்த ஒரு சிறு கப்பல் இவற்றுள் புகழ் பெற்றது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கலம் இப்போது ஆலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரத்துக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது எந்தக் கப்பல் வகையின் வடிவமோ, அவ்வகையைச் சேர்ந்த பெருங்கலம் ஒன்றேனும் முழு உருவில் எஞ்சவில்லை. பொருள்களைச் சுமந்து திரை கடல் ஓடிய பெருங்கலங்கள் மறைந்தன. நன்றியுணர்வால் ஒருவர் செய்து வைத்த சிறு கலம் நின்றது. அக்காலக் கப்பலின் அமைப்பை ஆராய்வோர், இன்று அதனையே சான்றாகக் கொண்டு ஆராய்கின்றனர்.

நெடும்பயணம் சென்ற மாலுமிகளும் ஓய்வு நேரத்தில் இவ்வேலையில் ஈடுபட்டனர். கப்பலில் கிடைத்த மரத்துண்டும் கயிற்று நூலும் கைக்கத்தியும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. மாலுமிகள் செய்த சிறு கலங்களில் ஒரு வியப்பான இயல்பு காணப்படும். பாய்மரங்களும் கயிறுகளும் பெரும்பாலும் பிழையின்றி அமைந்திருக்கும்; கப்பலின் உடலோ சற்றே பொருத்தமின்றி இருக்கும். காரணம் எளிது. மாலுமியின் கை நாள்தோறும் கயிற்றைப் பற்றியது. ஆதலின் அதன் போக்கை நன்கறிந்திருந்தது. நீரினுள் மூழ்கிக் கிடக்கும் அடிப்பகுதியை அவன் காண்பது அரிது. கண்டறிந்ததையே கை செம்மையாகச் செய்யும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அடிப்பகுதியை நன்கறிந்தவர்கள் கப்பல் கட்டும் தச்சர்கள். தமிழ்க் கடற்கரையில் அவர்களை ஓடாவிகள் என்பர். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல், அரசுக் கடற்படையின் கப்பல்களுக்குச் சிறு வடிவங்கள் செய்யும் வழக்கம் தோன்றியது. அவை பெரும்பாலும் உண்மைக் கப்பலின் 48-இல் 1 பங்கு அளவில் அமைந்தன. அவற்றின் கீழ்ப்பகுதியைப் பலகையிட்டு மூடாமல் விட்டனர். விலா எலும்புகள் போன்ற சட்டங்கள் வெளியே தெரிந்தன. அவற்றை நோக்குவோர் கப்பலின் கட்டமைப்பை ஒரே பார்வையில் அறிந்துகொள்ளலாம். 1660-இல் அந்நாட்டுக் கடற்படை நிருவாகத்தில் பொறுப்பேற்ற சாமுவேல் பீப்சு என்பவர், தொடக்கத்தில் கப்பலைப் பற்றி மிகுதியாக அறிந்தவர் அல்லர். அவர் தம் அறியாமையை மறைத்துக்கொள்ள முயலவில்லை. அனுபவம் வாய்ந்த ஒரு மாலுமியை அமர்த்திக்கொண்டு, சிறு கப்பலின் துணையால் அதன் உறுப்புகளைக் கற்றார். பின்னாளில் அக்கடற்படையைச் சீர்செய்தவர்களுள் ஒருவர் என்னும் புகழையும் பெற்றார்.

அக்காலத்துச் சிறு கலங்கள் பல, இன்று இலண்டனின் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளன. வேறு சில அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி அமைந்துள்ள அன்னாபொலிசு நகரில் உள்ளன. செல்வர் ஒருவர் தாம் தொகுத்தவற்றை அக்கல்லூரிக்கு உரிமையாக்க, அவை 1935-இல் அங்குச் சென்றன. அண்மைக் காலத்தில் அறிஞர், மருத்துவர் உடலின் உட்புறத்தைக் காணப் பயன்படுத்தும் ஒளிக்குழல் போன்ற கருவியை அக்கலங்களுக்குள் செலுத்திப் படம் எடுத்தனர். தளங்கள் மூடப்பட்ட பின் எவர் கண்ணுக்கும் எட்டாத உட்பகுதிகளிலும் தச்சரின் வேலைப்பாடு இருப்பது அப்போது தெரிந்தது. ஒருவரும் காணப்போவதில்லை என்பதை அத்தச்சர் அறியாதவரா? அறிந்தே செய்தார். கப்பலில் இருப்பது சிறு கலத்திலும் இருக்க வேண்டும் என்பதே அவர் கருதியது. அவர் பெயரும் மறைந்து, அவர் கட்டிய பெருங்கப்பலும் மறைந்து, நூற்றாண்டுகள் கழிந்தபின் அவருடைய நேர்மை வெளிப்பட்டது.

தச்சருக்கு நல்ல மரமும் அரசின் ஊதியமும் இருந்தன. இவை இரண்டும் இல்லாதவரும் கப்பல் செய்தனர். 1793 முதல் 1815 வரை, இடையில் சிறிது காலம் நீங்கலாக, இங்கிலாந்தும் பிரான்சும் போர் புரிந்தன. பிடிபட்ட பிரெஞ்சுப் போர்வீரரும் மாலுமிகளும் இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கில் சிறைப்பட்டுக் கிடந்தனர். அவர்களுள் ஆயிரக்கணக்கானோரை அடைத்துவைக்க, பீட்டர்பரோ நகருக்கு அருகே நார்மன் கிராசு என்னும் இடத்தில் 1797-இல் ஒரு பெருஞ்சிறை திறக்கப்பட்டது. விடுதலை என்று வரும் என அறியாத வாழ்வு, செய்வதற்கு வேலை இல்லை, பகல் நீண்டது, இரவும் நீண்டது. அந்நிலையில் கைத்திறன் உடையோர் தமக்கு உணவாகக் கிடைத்த இறைச்சியின் எலும்புகளைச் சேர்த்தனர். கொதிக்க வைத்து வெளுத்தனர். மெல்லிய பட்டைகளாகச் சீவினர். அப்பட்டைகளையே பலகைகளாகக் கொண்டு சிறு போர்க்கப்பல்களைக் கட்டினர். தலைமயிரும் பட்டு நூலும் கயிறுகள் ஆயின. நூலைப் பிடித்து இழுத்தால் பீரங்கிகள் உள்ளே சென்று மறையும் வகையிலும் சிலர் பொறி அமைத்தனர். சிறைவாயிலில் கூடிய சந்தையில் அவற்றை விற்று, கிடைத்த பணத்தால் நல்ல உணவும் உடையும் பெற்றனர்.

அவர்களிடம் அளவுப் படங்கள் இல்லை. நினைவையே துணையாகக் கொண்டு செய்தமையால், அவற்றின் உருவம் சில இடங்களில் உண்மையோடு முற்றும் ஒத்துவராது. ஆயினும் எறியப்படும் எலும்பிலிருந்து அவர்கள் எழுப்பிய வெண்ணிறக் கலங்களைக் காண்போர், அவற்றின் முன் நெடுநேரம் நின்றுவிடுகின்றனர். பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் அச்சிறையாளர் செய்த பொருள்கள் இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. காவலர் அவர்களுடைய உடலை அடைத்தனர். கையில் இருந்த கலையை அடைக்க முடியவில்லை.

இனி, இக்காலத்தில் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் எவ்வாறு செய்கின்றனர் என்பதைக் காண்போம். முதலில் வேண்டுவது அளவுக் கணக்கு. இங்கிலாந்தின் போர்ட்சுமத் துறைமுகத்தில் ‘விக்டரி’ என்னும் பழைய போர்க்கப்பல் காக்கப்பட்டு வருகிறது. 1765-இல் நீரில் இறக்கப்பட்ட அக்கப்பல், 1805-இல் நிகழ்ந்த டிரபால்கர் போரில் நெல்சன் ஏறிச் சென்றது. 104 பீரங்கிகளைத் தாங்கிய அதன் பீரங்கித் தளத்தின் நீளம் 186 அடி. 48-இல் 1 பங்காகச் செய்தால், அந்நீளம் 3 அடி 10½ அங்குலம் ஆகும். ஐந்தரை அடி உயரமுள்ள மாலுமி 1⅜ அங்குலமாகச் சுருங்குவான். மூன்று அங்குலத் தடிமனுள்ள கயிறு, அங்குலத்தில் 16-இல் 1 பங்குத் தடிமனுள்ள நூலாகும். ஒன்றைச் சுருக்கி மற்றொன்றைச் சுருக்காமல் விடலாகாது. நூல் தடித்துவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்குக் கப்பல் பொம்மையாகிவிடும். மரத்தின் வரிகளுங்கூட இங்குக் கவனத்திற்கு உரியவை. பருத்த வரியோடிய மரம் பெரிய கப்பலுக்கு ஏற்றதாயினும் சிறு கலத்திற்கு ஒவ்வாது. ஆதலின் பேரி மரம் போன்ற, நெருங்கிய நுண்வரி உடைய மரங்களையே தேர்ந்தெடுப்பர்.

கப்பலின் முதுகெலும்பாகிய அடிமரத்தை முதலில் நிறுத்துவர். அதனை ஏரா என்பதும் உண்டு. பின்னர் அதன்மேல் விலாச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்துவர். அவற்றின்மேல் மெல்லிய பலகைகளை வரிசையாக ஒட்டவேண்டும். கப்பலின் உடல் நடுவே அகன்று முனைகளில் குறுகுவது. ஆதலின் ஒவ்வொரு பலகையையும் இடத்திற்கேற்பச் சீவிக் குறுக்க வேண்டும். சீவாமல் ஒட்டினால், முன்முனையை நெருங்கும்போது பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். வளைவு மிகுந்த இடத்தில், பலகையை வெந்நீரில் ஊறவைத்து மெல்ல வளைத்து, உலரும்வரை பிடித்துக் கட்டிவைப்பர். இங்கே அவசரத்திற்கு இடமில்லை. மரம் தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளும். விரைவுபடுத்த முயன்றால் முறிந்துவிடும்.

உடல் முடிந்தபின் தளமும் பாய்மரங்களும் அமையும். அதன்பிறகே பொறுமைக்குப் பெருஞ்சோதனை வரும். பாய்மரத்தை அசையாமல் பிடித்து நிறுத்தும் கயிறுகள் ஒருவகை. பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் பயன்படும் கயிறுகள் மற்றொரு வகை. முதல்வகைக் கயிறுகளுக்கு மழையும் உப்புநீரும் கெடுக்காதபடி கீல் பூசுவது வழக்கம்; ஆதலின் அவை கருநிறமாக இருக்கும். இரண்டாம் வகைக் கயிறுகள் கப்பிகளின் வழியே ஓடவேண்டியவை. ஆதலின் வெளிர்நிறமாகவே இருக்கும். இந்நிற வேறுபாட்டைச் சிறு கலத்திலும் காட்டுவர். பாய்மரத்தின் இருபுறமும் மாலுமிகள் ஏறிச்செல்லும் கயிற்றேணிகளில், ஒவ்வொரு படியும் குறுக்கிடும் இடந்தோறும் ஒரு முடிச்சு வேண்டும். விக்டரி போன்ற கப்பலில் அம்முடிச்சுகள் ஆயிரத்திற்கு மேற்படும். ஒரு மாலைக்கு ஐம்பது முடிச்சு இட்டாலும், அவ்வேணிகளை முடிக்கச் சில வாரங்கள் செல்லும்.

அப்போது மனத்தில் ஒரு சபலம் தோன்றுவது இயல்பு. ‘உட்பக்கத்து முடிச்சை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? ஒரு துளி பசையிட்டு ஒட்டிவிட்டால் போதாதா?’ என்று மனம் கேட்கும். பசை போதும் என்று விடுவோரும் உண்டு. ஆனால் இக்கலையில் தோய்ந்தவர் அவ்வாறு செய்ய உடன்படார். காண்பவர் அறியாவிட்டாலும், கட்டியவர் அறிவார். ஒட்டிய இடத்தை அவர் பார்க்குந்தோறும் அது அவரைப் பார்த்து நகும். தவறாக அமைந்த பலகையைப் பிரித்தெடுத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது அவர்களுக்குப் பழக்கமான செயல். ஒருமாத வேலையை ஒரே மாலையில் பிரிக்கும் துணிவு, பிறர் புகழுக்காக மட்டும் வேலை செய்வோர்க்கு எளிதில் வராது.

கட்டி முடித்த கலத்தைக் காப்பதும் ஒரு கலையே. தூசி படிந்தால் நூல்கள் கெடும். தூசியைத் துடைக்கப் போனால் நூல்கள் அறும். ஆதலின் கண்ணாடிப் பேழையில் வைப்பர். நேர் வெயில் பட்டால் நிறம் மங்கும். ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் மரம் வெடிக்கும். பேழையும் சிலபோது பகையாவது உண்டு. ஓக்கு போன்ற மரங்களிலிருந்து மெல்ல வெளிப்படும் புளிப்பு ஆவி, காற்றோட்டமில்லாத பேழையில் தேங்கும். அது பட்டால், ஈயத்தால் செய்த சிறு பீரங்கிகளும் நங்கூரங்களும் நாளடைவில் வெண்பொடியாகி உதிர்ந்துவிடும். இதனை அறிந்தோர் பேழையில் காற்று புக வழிவிடுவர். ஈயத்தை நீக்கிப் பித்தளையைக் கையாளுவர்.

இவ்வாறு காக்கப்படும் சிறு கலம், உண்மைக் கப்பலாலும் காட்ட இயலாததைக் காட்டும் ஆற்றல் உடையது. ஸ்வீடன் நாட்டின் ‘வாசா’ என்னும் பெரும்போர்க்கப்பல் 1628-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் முதன்முதலாகப் பாய் விரித்தது. மேற்பகுதியின் பாரம் மிகுந்திருந்தமையால், ஏறத்தாழ 1,300 மீட்டர் சென்ற அளவில் ஸ்டாக்ஹோம் துறையிலேயே சாய்ந்து மூழ்கியது. 333 ஆண்டுகள் நீரடியில் கிடந்து, 1961-இல் மேலே எடுக்கப்பட்டது. 1990-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அது கருத்த மரமாக, பாயின்றி நிற்கிறது. அதன் அருகே 10-இல் 1 பங்கு அளவில் செய்த சிறு வாசா, ஆராய்ச்சியால் அறிந்த வண்ணங்களோடும் விரித்த பாய்களோடும் விளங்குகிறது. பெரிய கப்பலில் எஞ்சியதைக் கண்டவர், சிறிய கப்பலில் இழந்ததைக் காண்கின்றனர்.

இழந்ததை எண்ணும்போது தமிழ்க் கடற்கரையும் நினைவுக்கு வருகிறது. பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த பிரான்சுவா எட்மோன் பாரி (1806–1893) என்பவர், இளமையில் போர்க்கப்பல்களில் உலகைச் சுற்றி வந்தார். சென்ற துறைதோறும் அந்நாட்டு மக்களின் படகுகளை அளந்து படம் வரைந்தார். சோழமண்டலக் கரையின் கட்டுமரமும், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சலங்கும், தோணியும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. தாம் வரைந்தவற்றை 1840-களின் தொடக்கத்தில் பெருநூலாக வெளியிட்டார். 1871-இல் பாரிசு நகரத்துக் கடல்சார் அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றபின், அப்படங்களைக் கொண்டு சிறு கலங்களைச் செய்வித்தார். எளிய மீனவரின் படகும் அரசரின் போர்க்கப்பலைப் போலவே அளந்து போற்றத்தக்கது என்று கருதிய பெருந்தகை அவர்.

அவர் கண்ட கலங்களின் நிலை இன்று யாது? கயிற்றால் தைத்த சலங்கு சென்னைக் கடற்கரையில் இல்லை. கட்டுமரங்கள் இருந்த மணலில், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. தூத்துக்குடித் தோணிகளும் பாயை மட்டும் நம்பிய நிலை மாறிப் பொறி பூட்டி ஓடுகின்றன. இம்மாற்றத்தால் மீனவர்க்கும் வணிகர்க்கும் நன்மை விளைந்ததை மறுத்தல் கூடாது. ஆனால் எம்மரம் எக்கட்டையாக அமைந்தது, எம்முடிச்சு எங்கே விழுந்தது என்னும் அறிவு முதிய ஓடாவிகளின் கையிலும் நினைவிலுமே தங்கியுள்ளது. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938-இல் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து அமெரிக்காவின் குளோசுடர் துறையை அடைந்த ‘அன்னபூரணி’ போன்ற பாய்க்கலங்களைக் கட்டியதும் அவ்வறிவேயாகும். அதனை ஏட்டில் எழுதிவைப்பது ஒரு வழி. மரத்தில் செய்துவைப்பது மற்றொரு வழி.

கடலோர ஊரில் வாழும் மாணவர் இப்பணியைத் தொடங்குவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. ஊரில் எஞ்சியிருக்கும் பழைய வள்ளம் ஒன்றைத் தேடிச் சென்று, அதன் நீள அகலங்களை அளவுநாடாவால் அளக்கலாம். ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் பயனையும் முதியவரிடம் பணிவோடு கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். எல்லா அளவுகளையும் 20-இல் 1 பங்காகக் குறைத்து, விடுமுறை நாள்களில் மரத்தில் செய்யலாம். முதலில் செய்யும் வள்ளம் கோணலாக அமையலாம். அதனால் சோர்வு கொள்ளாமல் இரண்டாவதைத் தொடங்க வேண்டும். முடிந்ததை அம்முதியவரிடமே எடுத்துச் சென்று காட்ட வேண்டும். ‘இந்தக் கட்டை சற்று முன்னே இருக்க வேண்டும்’ என்று அவர் திருத்துவாராயின், அத்திருத்தம் எந்த நூலிலும் கிடைக்காத பாடமாகும். அதனைக் கேட்டுப் பிரித்துச் சரிசெய்த வள்ளம் பள்ளியின் கண்ணாடிப் பேழையில் வைக்கத் தகுதி பெறும். பின்வரும் மாணவர் தம் பாட்டனார் எத்தகைய கலத்தில் கடல்மேல் சென்றார் என்பதை அங்கே கண்டறிவர்.